அரைக்கட்டை

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி உரக்கடையில ஓசியாக் குடுத்தது. அத்தான் அங்கதான் லோடு ஆட்டோ ஓட்டுதாவ. எம்புருஷனைச் சொல்லுதேன், மாமன் மகன், கல்யாணத்துக்கு முந்தியும் அத்தான், பெறவும் அத்தான். அஞ்சு மாசமா அரிசி டப்பா மேல கெடந்த டைரி, அட்டையில எண்ணெய் வட்டம் வேற. பக்கத்துக்குப் பக்கம் அடியில ஒரு யோசனை அச்சடிச்சிருக்கான். இன்னைக்கு: 'நாற்று வாடினால் உடனே உரமிடாதீர்கள். முதலில் வேரைப் பாருங்கள்.' சரிதான், போ.

எழுத வந்த காரணம் என்னன்னா, இன்னையில இருந்து இருபத்தோரு நாள் நான் பேசப்போறதில்ல. மௌன விரதம். அம்மனுக்கு வேண்டுதல். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கு, அதனால இங்கயும் அப்படியே எழுதுதேன். சனிக்கிழமை ஒரு டாக்டர் மூக்கு வழியா வயர விட்டுத் தொண்டையப் பாத்தாரு. அவரு சொன்னத இதுல எழுத மாட்டேன். எழுதினா நெசமாயிரும்.

எம் பேரு ஆவுடைச்செல்வி. மேடையில 'பாளை செல்வி'. பதினாலு வருசமா இசக்கியப்பன் அண்ணாச்சியோட மெல்லிசைக் குழுவுல பாடுதேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை, காதுகுத்து, எல்லாத்துக்கும் போவோம். எங்க நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கும்: 'அசல் கட்டையில் அப்படியே!' கட்டைன்னா சுருதி. ஆர்மோனியத்துல மேல மேல போனா கட்டை ஏறும். வெள்ளைக் கட்டைக்கு நடுவுல நிக்க கருப்புதான் அரைக்கட்டை. மத்த குழுக்காரங்க பாடுதவளுக்குத் தொண்டை எட்டலன்னா அரைக்கட்டையோ ஒரு கட்டையோ சத்தமில்லாம எறக்கிக்கிடுவாங்க. அண்ணாச்சிக்கு அது பால்ல தண்ணி ஊத்துத மாதிரி. ரெக்கார்டுல என்ன கட்டையோ அதே கட்டைதான்.

அவருட்ட அத்தான்தான் போயிச் சொல்லிட்டு வந்தாவ. என்ன சொன்னாருன்னு காலண்டர் தாள்ல எழுதிக் கேட்டேன். "ஒம்பதாந்தேதி ரிசப்ஷனுக்கு வேற பிள்ளையப் பாத்துக்கிடுதேன்னாரு" ன்னாவ.

வேற பிள்ளை. வந்துட்டு அந்த வார்த்தை.

ஜூன் 5, புதன்

தண்ணி வந்துச்சு. நாலு குடம், ரெண்டு ட்ரம்மு. பேசாம தண்ணி பிடிக்கது மாதிரி ஒரு கஷ்டம் ஒலகத்துல கெடையாது. எனக்கு வாயில்லன்னு தெரிஞ்சதும் மூணாம் வீட்டுக்காரி அவ குடத்த எனக்கு முன்னால நகத்திட்டா. கையாலயே திட்டுனேன். அவளுக்குப் புரிஞ்சுட்டு.

ஜூன் 7, வெள்ளி

ரிகர்சலுக்குப் போனேன். பாடுததுக்கில்ல, சும்மா. எங்க ரிகர்சல் ஒரு மாவு மில்லு மாடியில. கீழ மெஷின் ஓடும், மேல எல்லாம் மாவுத் தூசி. ஒரு மனுஷிக்குத் தொண்டை கெடாம என்ன செய்யும்?

வேற பிள்ளை பேரு ஹெப்சிபா. வயசு இருபத்திமூணு. எலக்ட்ரிகல் கடையில பில் போடுதா, ஞாயித்துக்கெழமை சர்ச் கொயர்ல பாடுதா. ஒல்லி. இழுத்துக் கட்டுன சடை, கைக்குப் பொருந்தாத பெரிய வாட்ச்சு. அண்ணாச்சி என்னக் காமிச்சு, "இதான் நம்ம செல்வி. விரதம், பேசாது" ன்னாரு.

பாட ஆரம்பிச்சா. மூதி, நல்லாத்தான் பாடுதா. மேல போற எடத்துல மூச்சே வாங்கல. ஆனா ஒரு கூத்து நடந்துச்சு. கோரஸ்ல எல்லாரும் மெட்டப் பாட, இவ மட்டும் கீழ வேற எதையோ பாடிக்கிட்டு இருக்கா. கீபோர்டு ரூபன் கைய எடுத்துட்டான்.

"என்ன பிள்ள, சுருதி வெலகிப் போவுது?"

"வெலகலண்ணே. ஆல்டோ. எங்க கொயர்ல மெட்டுக்கு அடியில ரெண்டாங்குரல் பாடுவோம்."

"இங்க அடி, நுனி எல்லாம் வேண்டாம்மா" ன்னாரு அண்ணாச்சி. "பாட்டு ஒண்ணு, குரலும் ஒண்ணு." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், சத்தம் வராம.

டீ குடிக்கையில எங்கிட்ட வந்து உக்காந்தா. நான் பேச மாட்டேன்னு தெரிஞ்சும் விடாமப் பேசுதா. கடையில விக்க பேன் கம்பெனி பேரெல்லாம் சொன்னா. பெறவு, டீயப் பாத்துக்கிட்டே, "எக்கா, நீங்க எச்சி முழுங்கும்போது தொண்டையில கை வைக்கீங்க. எங்க கொயர்ல கிரேஸ் அக்காவும் இப்படித்தான் வைப்பாங்க. தொண்டைக்குள்ள முடிச்சு விழுந்துட்டு. அவங்களையும் மூணு வாரம் பேசக்கூடாதுன்னாங்க" ன்னா.

எனக்கு ரத்தம் தலைக்கேறிட்டு. ஆனா வாயத் தொறக்க முடியுமா? விரதம் குறுக்க நிக்கே! அவ பைல இருந்த பேனாவப் பிடுங்கி, வடை மடிச்ச பேப்பர்ல எழுதி நீட்டுனேன்: 'இது விரதம். நீ வாய மூடு.'

படிச்சா. "சரிக்கா" ன்னு சொல்லி அந்த எண்ணெப் பேப்பர மடிச்சு பர்ஸுக்குள்ள வச்சுக்கிட்டா. எதுக்கு வச்சாளோ.

ஜூன் 10, திங்கள்

நேத்து ரிசப்ஷன்ல ஹெப்சிபா எட்டுப் பாட்டு பாடினாளாம். ரெண்டுக்கு ஒன்ஸ்மோராம். ரூபன் மெசேஜ் அனுப்பியிருந்தான், கேக்காமலேயே. அண்ணாச்சியும் அனுப்பியிருந்தாரு: 'நீ அவசரப்படாத தாயி. நல்லா ரெஸ்ட் எடு.' பதினாலு வருசத்துல காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட அவரு எங்கிட்ட ரெஸ்ட் எடுன்னு சொன்னதில்ல.

ஜூன் 14, வெள்ளி

அத்தான் மொளகா வத்தல் வாங்க மறந்துட்டாவ. போன வாரமும் மறந்துட்டாவ. ரெண்டு வாரமா வீட்டுல தாளிப்பு நெடியே இல்ல. வத்தல் நெடி தொண்டைக்கு ஆவாதுன்னு அவியளுக்குத் தெரியாதே, பெறவு எப்படி மறக்காவ?

ஜூன் 18, செவ்வாய்

விரதத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. ஆனா காலையில துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவ, யாரும் இல்லன்னு ஒரு வரி பாடிப் பாத்தேன். கீழ நல்லா வந்துச்சு. நடுவுல வந்துச்சு. மேல போற எடத்துல வரல. ஆனி மாசக் காத்து, புழுதி. அதனாலதான்.

இன்னொரு தடவை பாத்தேன். காத்து நின்னதுக்குப் பெறவும்.

ஜூன் 19, புதன்

ரூபனுக்கு மெசேஜ் போட்டேன். எம் பாட்டுக்கு மட்டும் அரைக்கட்டை எறக்கி வாசிக்க முடியுமான்னு. கிட்டார்க்காரன் துபாய் போனதுல இருந்து சுருதி பாத்து வாசிக்கது எங்க குழுவுல ரூபன் ஒருத்தன்தான். கீபோர்டுல டிரான்ஸ்போஸ்னு ப்ளஸ் மைனஸ் பட்டன் இருக்கு. மைனஸ ஒரு தடவை அழுத்துனாப் போதும், அவன் அதே கட்டையில விரல வச்சு வாசிப்பான், சத்தம் மட்டும் அரைக்கட்டை கொறஞ்சு வரும்.

'அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுருவாருக்கா' ன்னு பதில் வந்துச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு, 'சரி, ஒங்களுக்காக.' நல்ல பய. அவன் தங்கச்சி கல்யாணத்துல நான் பாடுன பாட்ட இன்னும் போன்ல வச்சிருக்கான்.

ஜூன் 24, திங்கள்

விரதம் முடிஞ்சது. மொத வார்த்தையா அத்தான்ட்ட "சாப்பிட வாங்க" ன்னேன். அவிய "வாரேன்" ன்னாவ. கண்ணு கலங்கிருந்துச்சு. ஒரு விரதத்துக்குப் போயி இப்படியா.

சாயந்தரம் ரிகர்சல். ரூபன் சொன்னபடி மைனஸ் போட்டான். ரெண்டு பாட்டு பாடுனேன். தொண்டை நின்னு குடுத்துச்சு. அண்ணாச்சி தாளம் போட்டு ரசிச்சாரு. அவருக்குக் காது அம்புட்டுத்தான், நோட்டீஸ்லதான் அசல் கட்டை! ஆனா மொதல் சத்தம் வந்ததுமே ஹெப்சிபா தலைய நிமித்துனா. கீபோர்டப் பாத்தா, என்னப் பாத்தா.

எறங்குததுக்கு முன்னால மாடிப்படியில வந்து, மெதுவா, "எக்கா, இன்னுங்கூட ஒரு கட்டை எறக்குங்க. தப்பில்ல. ஒங்க கொரலு கீழதான் இருக்கு" ன்னா.

"நீ மேடை ஏறி எத்தனை நாளாச்சிட்டி?" ன்னேன். "பதினஞ்சு நாளு." "எனக்குப் பதினாலு வருசம். ஒஞ் சோலியப் பாரு."

கீழதான் இருக்காம். ஒரு பாடகியப் பாத்து எவளாவது சொல்லுத வார்த்தையா இது?

ஜூலை 1, திங்கள்

அண்ணாச்சி சொல்லிட்டாரு. ஆடி மாசக் கோயில் கொடைக்கு இந்த வருசம் சின்ன வேன்தான். ஒரு பாடகிக்குத்தான் எடம். ஏழாந்தேதி பெரிய ரிசப்ஷன் ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு பேரையும் பாட வச்சுப் பாத்துட்டு யாருன்னு சொல்லுவாராம். "போட்டின்னு நெனைக்காதீங்கம்மா" ன்னாரு. பின்ன அதுக்குப் பேரு என்ன, பந்தியா?

ஆடி முப்பத்தோரு நாளும் பாட்டு. அதுல எடமில்லன்னா ஆவணியிலயும் எவனும் கூப்பிட மாட்டான். ஊரு ரெண்டே வாரத்துல மறந்துரும். ஆவுடைச்செல்விய விட்டுட்டு பாளை செல்வி செத்துருவா.

ஜூலை 4, வியாழன்

மாவு அரைச்சேன். காஸ் சொல்லி விட்டேன். ஹெப்சிபாவுக்குக் குடுத்திருக்க பாட்ட பத்துத் தடவை போன்ல கேட்டேன். அதுல ஒரு எடம் இருக்கு, ரொம்ப மேல போகும். அவளுக்கே அது தொட்டுக்கோ தொடச்சுக்கோதான். இன்னும் ஒரு கட்டை ஏறுனா அவளும் எட்ட மாட்டா. சும்மா தோணுச்சு, எழுதுதேன்.

ஜூலை 7, ஞாயிறு

இன்னைக்கு ரிசப்ஷன். பச்சைச் சேலை. வெந்நீர், மொளகு, பனங்கற்கண்டு. அம்மா, தாயே, காப்பாத்து.

ஜூலை 8, திங்கள்

நேத்து நடந்தத நடந்தபடி எழுதுதேன்.

மண்டபம் நெறஞ்சு கெடந்துச்சு. மொத ஆறு பாட்டுல எனக்கு மூணு. ரூபன் மைனஸ் போட்டான், ஒரு ஈ காக்காக்குத் தெரியல. நடுவுல மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு ஒருத்தர் வாழ்த்திப் பேசுதேன்னு மைக்க வாங்குனாரு. எல்லாரும் மேடைக்குப் பின்னால டீ குடிக்கப் போனாங்க. நான் தண்ணி பாட்டில் எடுக்க கீபோர்டுக்கிட்ட போனேன். எடுத்தேன், வந்துட்டேன். லிஸ்டுப்படி அடுத்து ஹெப்சிபாவோட அந்த ஒசரப் பாட்டு, அதுக்கடுத்துதான் என்னோடது.

பெரியவரு முடிச்சதும் அண்ணாச்சி மைக்குல "அடுத்து நம்ம பாளை செல்வி" ங்காரு. நான் லிஸ்ட்ட காட்டுதேன். "மாத்தியாச்சு, பாடு தாயி" ங்காரு. ரூபன் என்னப் பாத்து தலைய ஆட்டிட்டு பட்டன அழுத்துனான். மேடை லைட்டு கண்ணக் கூசுதுல, திரையில என்ன நம்பர் இருக்குன்னு அவன் பாக்கக்கூட இல்ல. நான் கையாட்டுததுக்குள்ள வாசிக்க ஆரம்பிச்சுட்டான்.

மொத சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுட்டு. எறங்க வேண்டிய சுருதி ஏறி நிக்கு. அசல் கட்டைக்கும் மேல அரைக்கட்டை. எந் தொண்டைக்கு முழுசா ஒரு கட்டை ஒசரம். முன்னூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்க, நிறுத்தச் சொல்ல முடியுமா? பல்லவிய எப்படியோ தள்ளிட்டேன். சரணத்துல மேல போற வரி வருதுன்னு மூச்ச இழுத்துப் பிடிச்சேன். வந்துச்சு. வாயத் தொறந்தேன். சத்தம் வரல, காத்துதான் வந்துச்சு. முன் வரிசையில வடைய வாயிக்குக் கொண்டு போன மனுசன் அப்படியே நிறுத்திட்டாரு.

அப்ப கோரஸ் மைக்குல இருந்து ஹெப்சிபா அந்த வரிய எடுத்துட்டா. அதே ஒசரத்துல, கழுத்து நரம்பு பொடைக்க. எங் கொரலு தானா கீழ விழுந்துச்சு. விழுந்த எடத்துல நின்னுச்சு. நான் தேடிப் போயி நிக்கல, சத்தியமா. அவ மேல, நான் கீழ, வார்த்தை ஒண்ணுதான். அவ போற பக்கமே நானும் போறேன், ஆனா வேற வழியில. பதினாலு வருசமா எங்கிட்ட இப்படி ஒரு கொரலு இருக்குன்னு எனக்கே தெரியாது. கனமா, பிசிறில்லாம, நெஞ்சுக்குள்ள இருந்து வருது. எனக்கு அழுகை வந்துட்டு. பாடிக்கிட்டேதான் அழுதேன்.

கல்யாணப் பொண்ணு நாற்காலிய விட்டு எந்திரிச்சு நின்னுட்டா. "அந்த வரி, அந்த வரி மட்டும் இன்னொரு தடவை!" ன்னா. மூணு தடவை பாடுனோம்.

மேடைக்குப் பின்னால அண்ணாச்சி கீபோர்டு திரையக் குனிஞ்சு பாத்தாரு. ப்ளஸ் ஒண்ணுன்னு நின்னுச்சு. "என்னலே இது?" ன்னாரு. "நான் மைனஸ்தான் அண்ணாச்சி அழுத்துனேன், எக்காவுக்கு எப்பமும் மைனஸ்தான்" ன்னு ரூபன் ஒளறிட்டான். "எப்பமுமா?" அவ்வளவுதான், குட்டு ஒடைஞ்சுட்டு. அசல் கட்டைன்னு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டுன மனுசன ஏமாத்திட்டோம்னு கத்துனாரு. ரூபன இனிமே மில்லு மாடிப்படி மிதிக்காதன்னுட்டாரு. எங்கிட்டக் கத்தல. "நீ ரெஸ்ட் எடு தாயி" ன்னாரு. கத்திருக்கலாம். வேன்ல எடம் ஹெப்சிபாவுக்கு.

ரூபன் தப்பா அழுத்திட்டான். மைனஸுக்குப் பதிலா ப்ளஸ். அதான் நடந்தது.

ஜூலை 9, செவ்வாய்

இன்னைக்கு யோசனை: 'களை எடுக்காமல் உரமிட்டால் களைதான் வளரும்.' உரக்கடைக்காரனுக்கு வேற வேலையில்ல.

ஜூலை 10, புதன்

சரி, டாக்டர் சொன்னத எழுதிருதேன். தொண்டைக்குள்ள ரெண்டு முடிச்சு, மொளகு அளவு. பேசாம இருந்தா கொஞ்சம் சுருங்கும். இனி மேல போயி கத்திப் பாடுனா பேச்சுக்கொரலும் போயிரும். கீழ, மெதுவா, எவ்வளவு வேணும்னாலும் பாடலாம். இதான் அவரு சொன்னது. அத்தான்ட்ட சொன்னேன். "தெரியும். சீட்டு எஞ் சட்டப் பையிலதான இருந்துச்சு" ன்னாவ. ஒரு மாசமா தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல. இவியளுக்கு யாரு விரதம் சொன்னா?

இத எழுதுனதுக்குப் பெறவும் நெஞ்சுல பாரம் எறங்கல. அப்ப அது முடிச்சு இல்ல.

ஜூலை 11, வியாழன்

கடை விட்டு ஹெப்சிபா நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டா. கல்யாணப் பொண்ணு ஒரு காலேஜுல வாத்திச்சியாம். நாங்க பாடுன அந்த வரிய யாரோ போன்ல பிடிச்சதப் பாத்துட்டு, ஆகஸ்ட்ல அவங்க காலேஜு விழாவுல ரெண்டு பேரும் பாடுவீங்களான்னு கேட்டிருக்கா.

"அண்ணாச்சி குழுவா இல்லக்கா. நாம ரெண்டு பேரு மட்டும். சினிமாப் பாட்டும் இல்ல. சொந்தமா ஒண்ணு கட்டுவோம். இந்தக் காலத்துப் பிள்ளைக ஆடுத மாதிரி."

"ஒனக்கு வேன்ல எடம் கெடச்சிருக்கு. அத விட்டுட்டு எதுக்கு எங்கூட வார?"

"அன்னைக்கு அந்த வரியில எனக்கு அடியில யாரோ தரை போட்ட மாதிரி இருந்துச்சுக்கா. தனியாப் பாடும்போது அப்படி இல்ல."

அடுக்களையில நின்னே பாடிப் பாத்தோம். வார்த்தை இல்லாம, சும்மா. வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டுச்சு, நின்னுச்சு, அத்தான் ரொம்ப நேரமா உள்ள வரல. பாட்டு முடிஞ்ச பெறவுதான் செருப்பக் கழட்டுனாவ.

"ரூபன் அண்ணன வாசிக்கச் சொல்லுவோம்க்கா" ன்னா.

"அவன் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்."

அவ வாட்ச்ச ரெண்டு சுத்து சுத்திவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

ஜூலை 13, சனி

ரூபன் ஒரு செல்போன் கடையில ஸ்டிக்கர் ஒட்டுதானாம். அத்தான் பாத்துட்டு வந்து சொன்னாவ. நாலாங்கிளாஸுல இருந்து கீபோர்டு வாசிக்க கை.

சோறு எறங்கல. ஹெப்சிபாவ வரச் சொன்னேன். வந்ததும் உக்காரக்கூட விடல. நின்னபடியே சொல்லிட்டேன்.

"அன்னைக்கு நான் தண்ணி பாட்டில் எடுக்கப் போகல. ப்ளஸ் பட்டன ரெண்டு தடவை அழுத்தத்தான் போனேன். அடுத்த பாட்டு ஒன்னோடது. ஒரு கட்டை ஏறிட்டா ஒனக்கு எட்டாது, மேடையில ஒடைஞ்சு நிப்பன்னு நெனச்சேன். பெறவு பாட்டு மாறிட்டு. ரூபன் வழக்கம் போல எனக்கு மைனஸ் ஒண்ணு போட்டான். ரெண்டுல ஒண்ணு போக ஒண்ணு. அந்தப் பய மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் பாவி."

அவ திட்டுவா, அறைவா, போயிருவான்னு நெனச்சேன். அவ பர்ஸத் தொறந்து ஒரு எண்ணெப் பேப்பர எடுத்தா. 'இது விரதம். நீ வாய மூடு.'

"எனக்குத் தெரியும்க்கா. நீங்க அழுத்துனத திரைக்குப் பின்னால இருந்து பாத்தேன்."

"பாத்தியா? பின்ன ஏன்ட்டி சொல்லல?"

அவ மொகம் சுண்டிப் போச்சு. "பாட்ட மாத்தச் சொன்னது நாந்தான். எனக்குத் தொண்டை அடைச்சிருக்கு, செல்வி அக்காவ மொதல்ல பாடச் சொல்லுங்கன்னு அண்ணாச்சிட்ட பொய் சொன்னேன். அவ்வளவு கோவம். நீங்க வெட்டுன குழியில நீங்களே விழட்டும்னு நெனச்சேன். விழுந்தீங்க. ஒங்க சத்தம் ஒடைஞ்சு காத்து வந்துச்சுல்லா, அப்பதான் நான் என்ன செஞ்சிருக்கேன்னு எனக்கு ஒறைச்சுச்சு. ஒங்களத் தூக்கணும்னு பாடலக்கா. பயத்துல பாடுனேன்."

குழாயில தண்ணி வந்து குடம் நெறஞ்சு வழியுது, எந்திரிச்சு அடைக்கக்கூடத் தோணல.

"நீயும் சரியான கள்ளிதான்ட்டி" ன்னேன் கடைசியா.

"ஒங்க அளவுக்கு இல்ல" ன்னு சொல்லிட்டு அழுதா.

ஜூலை 14, ஞாயிறு

அவ சர்ச் முடிஞ்சு வந்ததும் ரெண்டு பேரும் ரூபன் வீட்டுக்குப் போனோம். சொன்னோம். அவன் ஒரு சொல்லு குறுக்கப் பேசாம முழுசாக் கேட்டான். பெறவு, "ஒங்க ரெண்டு பேரு சண்டையில என்னையப் பட்டனாக்கிட்டீங்களே எக்கா" ன்னான்.

காப்பி குடுக்க வந்த அவன் அம்மாவக் கையக் காட்டி நிறுத்திட்டான். "இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அண்ணாச்சிட்டப் போயிச் சொல்லுங்க" ன்னு கதவச் சாத்துனான்.

வாசல்ல நின்னு ஹெப்சிட்ட சொன்னேன்: "நீ வர வேண்டாம். பட்டன் அழுத்துனது நான். ஒனக்கு வேன் இருக்கு."

"பாட்ட மாத்துனத நீங்களா சொல்லுவீங்க?" ன்னுட்டு எனக்கு முன்னால நடந்தா.

ஜூலை 15, திங்கள்

மில்லு மாடி. மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதனால கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. டாக்டரு மன்னிக்கட்டும். தொண்டை முடிச்சு, பொய் விரதம், ப்ளஸ் ரெண்டு, எல்லாத்தையும் சொன்னேன். அவ பங்க அவ சொன்னா. அண்ணாச்சி மொகம் செவந்து, வெளுத்து, மறுபடி செவந்துச்சு.

அப்பமே போன எடுத்து, "ரூபா, சாயந்தரம் வந்துரு" ன்னாரு. எனக்கு ஒரு மூச்சு வெளிய வந்துச்சு. பெறவு எங்களப் பாத்தாரு.

"பதினாலு வருசம் அசல் கட்டைன்னு பேரு வாங்கி வச்சிருக்கேன். ஒருத்திக்குத் தொண்டை போச்சு, ஒருத்திக்குப் புத்தி போச்சு. ஒண்ணாவது முழுசா இருக்கா? போங்கட்டி, ரெண்டும் அரைக்கட்டை!"

வேன்ல இப்ப ரெண்டு பேருக்கும் எடமில்ல. படியில எறங்கும்போது ஹெப்சி கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. பாதிப் படியில நின்னு, "எக்கா, பேரு கெடச்சுட்டு" ன்னா.

"என்ன பேரு?"

"அவரே சொல்லிட்டாரே."

மில்லுக்காரன் என்னமோன்னு எட்டிப் பாக்க அளவுக்குச் சிரிச்சோம்.

ஜூலை 27, சனி

பாட்டு கட்டியாச்சு. இந்த டைரிய ஹெப்சிட்ட படிக்கக் குடுத்தது நான் செஞ்ச தப்பு. எம்புட்டோ சோகத்த எழுதி வச்சிருக்கேன், அவளுக்குப் பிடிச்சது தண்ணி வரிசைதான். 'நாலு குடம் ரெண்டு ட்ரம்மு, நாக்குக்கு மட்டும் விரதம்' னு ஆரம்பிக்குது. ஹெப்சி மேல, நான் கீழ. மூணாம் வீட்டுக்காரிக்கும் ஒரு சரணம் இருக்கு. அவ சன்னல்ல நின்னு கேட்டுட்டு, தன்னையத்தான் பாடுதோம்னு தெரியாம நல்லாருக்குன்னுட்டுப் போனா.

நாலு கட்டையில பாடுதேன், பொம்பளக் கொரலுக்கு நல்லா எறக்கம். முன்னால இத வெளிய சொல்ல வெக்கப்பட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாளைக்குக் காலேஜு. ரிதத்துக்கு ஒரு சின்னப் பொட்டி வாடகைக்கு எடுத்தாச்சு. சுருதிக்கு ஹெப்சி கொயர் ஆர்மோனியத்தக் கேட்டா, அவங்க குடுக்கல. என்ன செய்யன்னு முழிச்சுக்கிட்டு இருந்தோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில கதவத் தொறந்தா வாசல்ல ஒரு கீபோர்டு நிக்கு, போர்வையில சுத்தி. ரூபனோட பழசு. அத்தான்ட்ட குடுத்து விட்டிருக்கான். சீட்டு இல்ல, சொல்லி விட்ட சேதி ஒண்ணும் இல்ல. பிரிச்சுப் பாத்தா, டிரான்ஸ்போஸ் பட்டன் ரெண்டு மேலயும் கருப்பு டேப்ப நாலு மடிப்பா ஒட்டி வச்சிருக்கான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. இன்னும் மன்னிக்கல பய. ஆனா குடுத்து விட்டுட்டான்.

மத்தியானம் ரெண்டரைக்கு எங்கள மேடைக்குக் கூப்பிட்டாங்க. மைக்க வச்சிருந்த பொண்ணு, "உங்க குழு பேரு என்ன மேடம்?" ன்னா. பாளை செல்வின்னு வாயி வரைக்கும் வந்துச்சு.

"அரைக்கட்டை" ன்னேன். பிள்ளைக எல்லாம் கொல்லுன்னு சிரிச்சுது. சிரிக்கட்டும்.

ஹெப்சி சுருதிய வச்சா. நான் எங் கட்டையில ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரியில அவ மேல ஏறுனா. மூணாவது வரிக்குச் சிரிப்பு நின்னுட்டு, நாலாவதுல கை தட்ட ஆரம்பிச்சாங்க, தாளத்துக்கு. நான் தொண்டையில கை வைக்கல.

வந்து கீபோர்டத் தொடச்சு வச்சேன். டேப்ப எடுப்பமான்னு ஹெப்சி கேட்டா. கெடக்கட்டும்ட்டின்னு சொல்லிட்டேன்.